பாக்கலாம் சார் ஸ்கேனர் வாங்கிய கதை

என் மச்சானிடம் மணி என்ன என்று கேட்டால்கூட 'பாக்கலாம்' என்றுதான் முதலில் பதில் வரும். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சுவரில் மாட்டியிருப்பதையும் பார்ப்பார். இரண்டில் எது சரி என்று யோசிப்பார். அதற்குள் கேட்டவருக்குப் பஸ் போயிருக்கும். அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்காவது தெரியுமா என்பதே சந்தேகம். வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் 'பாக்கலாம் சார்'தான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிரிவு அவருடையது. பிரிவு என்றதும் ஏதோ பெரிய பட்டாளம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர், அவருடைய மேசை, ஒரு டூல் பெட்டி, சுவரோரமாக நான்கு இரும்பு பீரோ. பீரோக்கள் நிறைய மேனுவல்கள். ஆஸ்பத்திரி எப்போதோ வாங்கிய ஒவ்வொரு இயந்திரத்தோடும் வந்த புத்தகங்கள். சில இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போய் வருஷக்கணக்காகிறது, புத்தகம் மட்டும் இருக்கிறது. அதை எடுத்துப் போட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். என்ன சொன்னார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து சீட்டில், எனக்கென்று தனியாக வைத்திருக்கும் பிரேக்கின் மேல் ஒரு காலை வைத்தபடியே ஆயுளைக் கழிப்பவன். போகலாமா, நிற்கலாமா என்று நடுரோட்டில் வண்டியை நிறுத்தி யோசிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை என்பது தேய்ந்தே போய்விட்டது. அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு மச்சான். யார் செய்த பாவமோ.

அவருடைய கல்யாணமே ஒரு கூத்து. பெண் பார்த்துவிட்டு வந்து 'பாக்கலாம்' என்று சொன்னவர், அதோடு விட்டுவிட்டார். பெண் வீட்டார் ஆள் அனுப்பி அனுப்பி ஓய்ந்துபோனார்கள். கடைசியில் பெண்ணே நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, கீழ்த்தளத்துக்கு இறங்கி, "என்ன, பாத்து முடிச்சாச்சா?" என்று கேட்டாராம். இவர் கையில் ஸ்க்ரூடிரைவரோடு எழுந்து நின்று தலையாட்டிவிட்டார். அவர் வாழ்க்கையில் எடுத்த ஒரே உடனடி முடிவு அது என்று நான் கேலி செய்வேன். அதையும் அவர் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்பார் அவர் மனைவி. அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் மூன்று நிறத்தில் மூன்று பட்டை இருக்கும். எந்தப் பெயின்ட் அடிக்கலாம் என்று பார்ப்பதற்காகப் பூசியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள், பட்டைகள் அப்படியே இருக்கின்றன.

ஆனால் ஒன்று. அவர் கைவைத்த இயந்திரம் மறுபடி நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. டாக்டர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். இவர் நிதானமாக பீரோவைத் திறந்து, மேனுவலை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். இதைச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை, இருந்தாலும் உண்மை உண்மைதானே.

இப்படி இருந்தவரைத்தான் பெரிய டாக்டர் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார். கீழ்த்தளத்து அறையை நோயாளிகளோடு கூட வருகிறவர்கள் உட்காரும் இடமாக மாற்றப் போகிறார்கள். பீரோக்களுக்கு இனி இடம் கிடையாது. மேனுவல்களை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். மாதக் கடைசிக்குள் ஏறாத காகிதம் பழைய பேப்பர்காரருக்கு. ஸ்கேனர் வாங்கப் பணம் ஒதுக்கியாகிவிட்டது.

"எந்த ஸ்கேனர்னு நீங்களே தேர்ந்தெடுத்துச் சொல்லுங்க" என்றாராம்.

என் மச்சானிடம் போய்த் தேர்ந்தெடுக்கச் சொன்ன அந்த மனிதர் என்னிடம் வண்டி ஓட்டக் கற்க வந்திருந்தால் முதல் நாளே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அன்று முதல் என் நிம்மதி போயிற்று. மச்சானுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எப்போது கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு நானே விட்டுவிட்டேன். ஆகவே கடை கடையாக அவரை அழைத்துப் போகும் வேலை எனக்கு. தலையில் 'பழகுநர்' பலகை வைத்த என் காரில், மடியில் தடிமனான ஒரு மேனுவலை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்கள் இந்த வயசில் இவருக்கு ஏன் இந்த ஆசை என்று நினைத்திருப்பார்கள்.

அந்த மேனுவல் 'பெரிசி'னுடையது. பெரிசு என்பது ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆட்டோகிளேவ். ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் நீராவியில் அவித்துக் கிருமி இல்லாமல் ஆக்கும் இயந்திரம். ஓர் ஆள் உள்ளே போய்க் காலை மடக்கி உட்காரலாம், அவ்வளவு பெரிது. அதைச் செய்த கம்பெனி இப்போது இல்லை. அதன் மேனுவலின் கடைசியில், மடித்து மடித்து வைத்த ஒரு பெரிய தாள் உண்டு. அந்த இயந்திரத்தின் வயரிங் படம். பிரித்தால் பாதி மேசையை அடைக்கும். மஞ்சளாகிப்போன தாள், மடிப்புகளில் இற்றுப்போயிருக்கும். ஒரு மூலையில் கிளிப்பின் துரு. நடுவில் யாரோ டீ கிளாஸை வைத்த வட்டம். கோடுகள் ஒரு காலத்தில் சிவப்பும் நீலமும் பழுப்புமாக இருந்திருக்கும். பக்கத்தில் கடுகு கடுகாக எண்கள்.

"நல்ல தாளா ஒண்ணு எடுத்துட்டு வரக்கூடாதா?" என்று கேட்டேன்.

"கடைக்காரங்க எல்லாரும் புதுத் தாளை வெச்சுத்தான் காட்டுவாங்க, மாப்ளே. புதுத் தாள் எதுல போட்டாலும் நல்லாத்தான் விழும். நம்மகிட்ட இருக்கறதுலயே மோசமானது எதுல நல்லா விழுதோ, அதுதான் நமக்கு."

பேச்சில் குறை சொல்ல முடியாது. செயலில்தான் சிக்கல்.

முதல் கடை கண்ணாடியும் ஏ.சி.யுமாக இருந்தது. டை கட்டிய விற்பனையாளர் ஓர் இயந்திரத்தைக் காட்டினார். தாள்களை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாக இழுத்து விழுங்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விழுந்துவிடும். வயரிங் படத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் இரண்டாக மடித்துப் போட்டு இழுக்கவிட்டார். திரையில் வந்து நின்றது பாருங்கள், சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தமாதிரி இருந்தது. துருவைக் காணோம், டீ வட்டத்தைக் காணோம், பால் வெள்ளை.

"கறை, அழுக்கு, புள்ளி எல்லாத்தையும் மெஷினே தொடச்சிடும் சார்" என்றார் டைக்காரர்.

"இதையே வாங்கிடுங்க" என்றேன் நான். அந்த வேகம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

"புத்தகத்தை எப்படி உள்ள விடறது?" என்று கேட்டார் மச்சான்.

"முதுகை வெட்டிட்டா தனித்தனித் தாளா வந்துடும் சார்."

மச்சான் தன் முதுகையே யாரோ வெட்ட வருகிற மாதிரி நெளிந்தார். "பாக்கலாம்" என்றார்.

இரண்டாவது கடையில், மேசை விளக்கு மாதிரி கழுத்து வளைந்த ஒரு கருவி. அடியில் புத்தகத்தை விரித்து வைத்தால் மேலிருந்து கேமரா படம் எடுத்துக்கொள்ளும். வெட்ட வேண்டாம், கட்டை அவிழ்க்க வேண்டாம். மச்சான் முகம் மலர்ந்து, குழந்தை மாதிரி பக்கத்தைப் புரட்டிப் புரட்டி வைத்தார். வயரிங் படத்தையும் வைத்தார். மடிப்புகள் மேடும் பள்ளமுமாக நின்றதால் அங்கங்கே லேசாக நிழல் விழுந்தது. "அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது சார்" என்றார் கடைக்காரர். எனக்கும் தெரியவில்லை. "பாக்கலாம்" என்றார் மச்சான்.

மூன்றாவது கடை ஒரு சந்துக்குள். பிரின்டர் ரிப்பேர் பார்க்கும் ஒருவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த ஒரு ஸ்கேனர் இருந்தது. மேலே மூடி, கீழே அகலமான கண்ணாடி. தாளைக் கவிழ்த்து வைத்து மூடினால், உள்ளே ஒரு வெளிச்சம் முனகிக்கொண்டே நகர்ந்து போகும். வேகம் ஆமை வேகம். படமும் அழகாக இல்லை. பழுப்புத் தாள் பழுப்பாகவே வந்தது. துரு, வட்டம், மடிப்பு, ஏதோ ஒரு பூச்சி செத்து ஒட்டிய தடம், ஒன்று விடவில்லை.

"கொஞ்சம் டல்லாத்தான் தெரியும் சார்" என்று கடைக்காரரே கூச்சப்பட்டார்.

மச்சான் அந்த இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஆயிரம் கேள்வி கேட்டார். பதில்களை யோசித்துக்கொண்டே வெளியே வந்து காரில் ஏறினார். வீடு வரைக்கும் யோசித்தார். எதை வாங்கப் போகிறீர்கள் என்று இறக்கிவிடும்போது கேட்டேன்.

"பாக்கலாம்."

பிரேக்கை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். கார் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

இதற்கு நடுவில் என் மனைவியின் விஷயம். அவளுக்குப் பித்தப்பையில் கல். எதைச் சாப்பிட்டாலும் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்து இரண்டு முறை தள்ளிப்போயிற்று. ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல், ஒருமுறை டாக்டருக்கு. அவள் வாயாடி. வலியிலும் ஏதாவது சொல்லிச் சிரிப்பாள், சிரித்ததும் விலாவில் கை போகும். அந்தக் கை போகிறதா என்று பார்ப்பதே எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த முறை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கல் நகர ஆரம்பித்துவிட்டது, குழாயில் போய் அடைத்தால் வேறு வினை, இனித் தள்ளக் கூடாது. அவரும் குறித்த நாளில் ஆபரேஷன்களை முடித்துவிட்டு நீண்ட விடுமுறையில் போகிறார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையிலேயே மச்சான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தேன். மச்சான் மேலே வந்து பார்த்தார். எனக்கு யாராவது நல்ல வார்த்தை சொன்னால் தேவலை என்றிருந்தது.

"நாளைக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடும்ல மச்சான்?"

"பாக்கலாம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "தங்கச்சி விஷயத்துலகூடவா? வேற வார்த்தையே தெரியாதா உங்களுக்கு?"

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. என் மனைவி சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. அண்ணன் நல்லாயிடும்னு சொல்லியிருந்தாத்தான் நான் பயந்திருப்பேன்" என்றாள்.

மத்தியானம் தியேட்டர் சிஸ்டர் வார்டுக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பெரிசு நின்றுவிட்டது. கதவை மூடினாலும், கதவு திறந்திருக்கிறது என்றே விளக்கு எரிகிறது, நீராவி உள்ளே வர மறுக்கிறது. சின்ன ஆட்டோகிளேவ் ஒன்று உண்டு, அது அவசர கேஸ்களுக்கும் பிரசவங்களுக்குமே சரியாகப் போகும். சாயங்காலத்துக்குள் பெரிசு ஓடாவிட்டால் மறுநாள் குறித்த ஆபரேஷன்கள் எல்லாம் ரத்து.

"அடுத்த தேதி எப்பன்னு..." என்று இழுத்தார் சிஸ்டர். அவர் முடிப்பதற்குள் படிகளில் இறங்கி ஓடினேன்.

கீழ்த்தளத்து அறையில் நான்கு பீரோவும் திறந்து கிடந்தன. தரையெல்லாம் மேனுவல். நடுவில் மச்சான் மண்டி போட்டு உட்கார்ந்து, பெரிசின் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார். பழைய தபால் உறை ஒன்று விழுந்தது. வேறெதுவும் விழவில்லை.

"வயரிங் படம் இல்ல, மாப்ளே."

"இல்லன்னா?"

"எங்கயோ விட்டுட்டேன்."

கடை கடையாகக் கட்டிச் சுமந்த அந்த ஒரு தாள். மோசமானதிலேயே மோசமானது. இருக்கிற அத்தனை காகிதத்திலும் அதை மட்டும் தொலைத்திருக்கிறார். எனக்கு உட்கார்ந்து அழலாமா, அவரைப் பிடித்து உலுக்கலாமா என்று தெரியவில்லை.

ஒவ்வொரு கடையாகப் போன் செய்தார். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். மூன்றாவது கடைக்காரர், "சார், நீங்க போனதுக்கப்புறம் நான் அந்த மூடியைத் திறக்கவே இல்லையே" என்றார். தாள் இன்னும் கண்ணாடி மேலேயேதான் இருக்கும். ஆனால் அந்த ஸ்கேனர் இப்போது கடையில் இல்லை. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வெளியூர்க்காரர் ஒருவர் நேற்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறார்.

நான் மச்சானின் கையைப் பிடித்தேன். "படம் இல்லன்னா என்ன? இத்தனை வருஷமா பாக்கறீங்க. கதவு மூடியிருக்குன்னு மெஷினை நம்ப வெக்கணும், அவ்வளவுதானே? ஏதாவது ரெண்டு வயரைச் சேத்து விடுங்க. நாளைக்கு ஒரு நாள் ஓடினாப் போதும்."

"மாட்டேன்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. கொஞ்சம் தடுமாறித்தான் போனேன்.

"கதவு சரியா மூடாம உள்ள நீராவி ஏறிச்சுன்னா, முன்னாடி நிக்கற சிஸ்டர் கதி என்ன? குத்துமதிப்பா செய்யற வேலை இல்ல, மாப்ளே. வயரெல்லாம் ஒரே குழாய்க்குள்ள போய் மறைஞ்சிடுது. வெந்து வெந்து எல்லாம் ஒரே கறுப்பு. படம் இல்லாம எது எங்க போகுதுன்னு தெரியாது."

"அப்ப மேல இருக்கறவ கதி?" என்று கத்திவிட்டேன். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் மாடிக்குப் போனேன்.

மனைவியிடம் எதையும் மறைக்கத் தெரியாது எனக்கு. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தாள் தொலைந்தது, வெளியூருக்குப் போனது, உன் அண்ணன் உருப்படமாட்டார், எல்லாம். அவள் தலையணையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் முடித்ததும் என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

"ஏங்க, அந்தத் தாளை எதுக்குக் கடை கடையாத் தூக்கிட்டுப் போனீங்க?"

"ஸ்கேன் பண்ணிப் பாக்கத்தான்."

"பண்ணாங்களா?"

"எல்லாக் கடையிலயும் பண்ணாங்க."

"அப்ப அது அவங்க கம்ப்யூட்டர்ல இருக்காதா?"

காகிதம் தொலைந்துவிடக் கூடாது என்றுதான் ஸ்கேனர் தேடி அலைந்தோம். இரண்டு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. காகிதத்தையே தேடிக்கொண்டிருந்தோம். என்னைப் பார்த்து, "போங்க, போய்ச் சொல்லுங்க, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் மூளை கம்மின்னு" என்றாள். சிரிக்கப் போனவள் விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். நான் மூச்சு வாங்கிச் சொன்னதை மச்சான் ஒரு நொடி புரியாமல் கேட்டார். புரிந்ததும் போனைத் தேடினார், கையிலேயே இருந்தது.

முதல் கடைக்காரர் உடனே அனுப்பினார். ஸ்டோர் அறைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கித் திறந்தோம். பால் வெள்ளை, கண்ணைப் பறித்தது. மச்சான் ஒரு பென்சிலின் பின்முனையால் திரையைத் தொட்டுத் தொட்டுப் போனார். கதவு சுவிட்சைப் பிடித்தார். அங்கிருந்து ஒரு கோடு கிளம்பி, கொஞ்ச தூரம் வந்து, அந்தரத்தில் நின்றுவிட்டது. அப்புறம் வெறும் வெள்ளை.

"இங்க ஏதோ இருந்திருக்கணுமே" என்றார்.

இரண்டாவது கடையின் படம் வந்தது. அதே கோடு, அதே இடம். அங்கே மடிப்பு மேடாகி நிழல் விழுந்திருந்தது. கண்ணுக்கே தெரியாது என்றாரே, அந்த நிழல்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியவில்லை.

மூன்றாவது கடைக்காரர் தேடிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அழித்திருந்தால்? நான் எனக்குத் தெரிந்த சாமிகளுக்கெல்லாம் வேண்டுதல் வைத்தேன். மச்சான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் படம் வந்தது.

பழுப்பு. அழுக்கு. அழகே இல்லை. துரு இருந்தது, செத்த பூச்சி இருந்தது, டீ வட்டம் இருந்தது. அந்த வட்டத்துக்குள், மடிப்பின் மேலேயே, புள்ளி புள்ளியாக ஒரு பழுப்புக் கோடு கீழே இறங்கிப் போயிற்று. முடியும் இடத்தில் சின்னதாக இன்னொரு சுவிட்ச். பக்கத்தில் கடுகு எண், தெள்ளத்தெளிவாக.

முதல் கடை மெஷின் அந்தப் புள்ளிக்கோட்டை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டிருக்கிறது. அதைத்தான் நான் வாங்கச் சொன்னேன்.

"ரெண்டாவது சுவிட்ச்" என்று முணுமுணுத்தார் மச்சான். "கதவுக்குக் கீழ ஒரு தகடு இருக்கு. அது சும்மா மூடின்னு நினைச்சிட்டிருந்தேன்." டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல்முறை. ஓட்டம் பார்க்க அவ்வளவு லட்சணமாக இல்லை, ஆனாலும் ஓடினார்.

தகட்டின் திருகுகள் இறுகிப்போயிருந்தன. எண்ணெய் விட்டு, தட்டி, கெஞ்சிக் கழற்றினார். உள்ளே சுவிட்ச் உப்புப் படிந்து கல்லாகி இருந்தது. கதவு வந்து அழுத்தினாலும் அது அசையாது. பழைய இரும்புக்குப் போகக் காத்திருந்த இன்னொரு இயந்திரத்திலிருந்து அதேமாதிரி ஒன்றைக் கழற்றி வந்து மாட்டினார். எண்ணைப் போனில் வந்த படத்தில் பார்த்தார், வயரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றேன். இந்த ஒரு தடவை அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்றிருந்தது.

கதவை மூடினார். பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த நொடி, உஸ்ஸென்று உள்ளே நீராவி இறங்கும் சத்தம்.

"அப்பாடா" என்று சுவரில் சாய்ந்துவிட்டார் தியேட்டர் சிஸ்டர். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். கண்ணீர் வந்தது, துடைக்கத் தோன்றவில்லை. மச்சான் மட்டும் நின்றுகொண்டே அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தார். அது ஏறி நிற்க வேண்டிய இடத்தில் நின்ற பிறகு போனை எடுத்தார்.

"நான்தாங்க பேசறேன். அந்த ஸ்கேனர் திரும்பி வந்ததும் எனக்குக் குடுத்துடுங்க. இல்லைங்க, வேற வேண்டாம். அதேதான்."

கடைக்காரர் என்ன சொன்னாரோ. யோசித்துச் சொல்லுங்கள், மெதுவாகத்தான் ஓடும் என்றிருப்பார். "நானும் மெதுவாத்தான் ஓடுவேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மறுநாள் காலை அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். நானும் மச்சானும் கதவுக்கு வெளியே நின்றோம். முந்தின நாள் பட்ட பாட்டுக்கு எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"நல்லாயிடுவால்ல மச்சான்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாயிடுவா, மாப்ளே. உள்ள இருக்கற ஒவ்வொரு கத்தரியும் நான் பாத்து அனுப்பினது."

நல்லாயிட்டாள். கல்லை ஒரு சின்ன சீசாவில் போட்டுக் காட்டினார்கள். இத்தனூண்டு பயலா என்னை இந்தப் பாடு படுத்தினான் என்று மயக்கம் தெளிந்ததும் கேட்டாளாம்.

தையல் பிரித்து, புண் ஆறி, கடைசியாக ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். பீரோக்கள் அதே இடத்தில் இருந்தன. மாதக் கடைசி என்ற பேச்சைப் பெரிய டாக்டர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. கூட வருகிறவர்கள் உட்கார வேறு இடம் பார்த்துவிட்டார்களாம். மேசை மேல் அந்த ஸ்கேனர் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. ஓட்டிப் பார்க்க எடுத்துப்போன ஆள், டல்லாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். மூடியில் ஒட்டிய டேப்கூடப் பிரிக்கப்படவில்லை.

"மொதல்ல எந்தப் புத்தகம்ணா?" என்று கேட்டாள் என் மனைவி.

"பெரிசுதான்" என்று சொல்லிக்கொண்டே மச்சான் டேப்பைப் பிரித்து மூடியைத் தூக்கினார்.

கண்ணாடி மேல் அந்தத் தாள் கவிழ்ந்து கிடந்தது. வெளியூருக்குப் போய், யார் கண்ணிலும் படாமல், அலுங்காமல் குலுங்காமல் திரும்பி வந்திருந்தது. மச்சான் அதை மெதுவாகப் புரட்டி, துருவைப் பார்த்தார், டீ வட்டத்தைப் பார்த்தார்.

"அப்ப அந்த ஆளு..." என்றார், "திறந்தே பாக்கலியா?"

என் மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, அந்தக் கீழ்த்தளமே அதிரச் சிரித்தாள். நான் பழக்கதோஷத்தில் அவள் வலது கையைப் பார்த்தேன். அது மேசை மேல் இருந்தது. சிரித்து முடிக்கிறவரைக்கும் அங்கேயேதான் இருந்தது.